மூன்று எண்ணும் வரை

மாஸ்டரிடம் கார் ஓட்டப் பழகியவர்கள் டெஸ்டில் தவறியதே இல்லை என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். பத்தொன்பது வருடத்தில் ஐந்து பேர் தவறியிருக்கிறார்கள். அதில் ஒருவர் டெஸ்டின் நடுவே வண்டியை ஓரங்கட்டி, இன்ஸ்பெக்டரை உள்ளேயே உட்கார வைத்துவிட்டு, எதிரே நடந்து வந்த சம்பந்தியிடம் இறங்கிப் போய் நலம் விசாரித்தவர். அவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது மாஸ்டரின் கட்சி.

உண்மையைச் சொன்னால், மாஸ்டர் ஓட்டக் கற்றுத் தருவதைவிடத் தேறக் கற்றுத் தருவதில்தான் கெட்டிக்காரர். டெஸ்ட் நடக்கும் பாதையை முந்தின நாளே ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். எந்த வளைவில் புதிதாகப் பள்ளம் விழுந்திருக்கிறது, எந்த இன்ஸ்பெக்டருக்குக் கைப்பிரேக்கை மறக்காமல் போட்டால் பிடிக்கும், எவருக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் பிடிக்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. கண்ணாடியைப் பார்ப்பது உங்களுக்காக இல்லை, நீங்கள் பார்த்தீர்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும், அதனால் கண்ணை மட்டும் ஓட்டாமல் தலையைத் திருப்புங்கள் என்பதுதான் முதல் நாள் பாடம். வந்தவர்கள் தலையைத் திருப்பித் திருப்பியே தேறிவிடுவார்கள். அதற்குப் பிறகு எப்படி ஓட்டுகிறார்கள் என்பது சாலையில் போகிறவர்கள் பாடு.

அவருக்கு ஒரே மகள், ஆறு வயது. பிறந்த அன்று கையையும் காலையும் அவள் உதைத்த உதைப்பைப் பார்த்துவிட்டு 'சரியான வாலு' என்றார். அதுவே பெயராக நின்றுவிட்டது. பிறகு அவள் ஒரு வாலுத்தனமும் செய்யவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். தூக்கினால் பிடிக்காது. முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனால் ஜன்னல் பக்கம் பார்ப்பாள். மூன்று வயது வரை பேச்சே இல்லை. லீவு நாட்களில் மாஸ்டர் அவளைப் பயிற்சிக் காரின் பின் சீட்டில் உட்கார வைத்து அழைத்துப் போவார், பேச்சு அங்கிருந்துதான் வந்தது. யாராவது கதவைப் படாரென்று திறந்தால் "கிளட்சை மெதுவா விடுங்க" என்பாள். கூட்டத்துக்குள் போனால் "பிரேக், பிரேக், பிரேக்" என்று காதைப் பொத்திக்கொள்வாள். பசித்தால் "பெட்ரோல் பார்த்தீங்களா". கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்பன் தொழில் பிள்ளைக்கு வந்துவிட்டது என்று மாஸ்டர் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

பள்ளியில் சேர்த்து மூன்றாவது மாதம் தலைமை ஆசிரியை இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். கோபமாக ஒன்றும் பேசவில்லை. ஒரு வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒரே ஆசிரியை, இவளோ மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறாள், ஒரு நாள் தெரு வரை போய்விட்டாள் என்றார். தனக்குத் தோன்றுகிற பெயரைத் தான் சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றார். குழந்தை வளர்ச்சி மையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் கல்வித்துறை ஓர் உதவி ஆசிரியையைத் தரும், அவர் பிள்ளையின் பக்கத்திலேயே இருப்பார். வருடம் முடிவதற்குள் கடிதம் வராவிட்டால் அடுத்த வருடம் இவளை வைத்துக்கொள்ள முடியாது. இதைச் சொல்லும்போது மட்டும் மேசை மேலிருந்த குண்டூசிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மாஸ்டருக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வருத்தம் வரும், கோபம் வரும் என்று தானே எதிர்பார்த்துக் காத்திருந்தார், வரவில்லை. வெகுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்த கால் மரத்துப்போவது மாதிரி உள்ளே என்னவோ மரத்துப் போயிற்று. சரிங்க என்றார், வணக்கம் சொன்னார், அடுத்த பாடத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

வளர்ச்சி மையத்தில் ஐந்து மாதம் தள்ளித்தான் தேதி கிடைத்தது. அவர் மனைவி ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள், பகலெல்லாம் படுக்கை விரிப்புகளை இஸ்திரி இயந்திரத்துக்குள் கொடுத்து மறுபக்கம் வாங்கி மடிக்கிற வேலை. அந்தத் தேதியில் ஓட்டலில் எல்லா அறையும் நிறைந்துவிட்டதால் லீவு தர மாட்டோம் என்றுவிட்டார்கள். மாஸ்டர்தான் தனியாகப் போக வேண்டும். அவள் அவரை உட்கார வைத்துச் சொன்னாள்.

"அங்க நாம பாஸ் வாங்கப் போகலைங்க. நம்ம பிள்ளைக்கு என்னென்ன வரலைன்னு எழுதி வாங்கத்தான் போறோம். கேட்டதுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்க, போதும்."

சரி என்றார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் டெஸ்ட் என்று ஒன்று இருந்து, அதற்குத் தேதியும் குறித்து, எதிரே ஒருவர் பேனாவோடு உட்காரப் போகிறார் என்றால் மாஸ்டருக்குக் கை சும்மா இருக்காது. இது ஒரு காரணம். இன்னொன்றை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. பிள்ளை தேறிவிட்டால் அவளுக்கு ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம். ஒன்றுமில்லாத பிள்ளையைப் பள்ளிக்கூடம் எப்படி வேண்டாம் என்று சொல்லும். இப்படி ஒரு கணக்கு அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

விண்ணப்பம் வாங்குகிற சாக்கில் மூன்று வாரம் முன்பே மையத்துக்குப் போனார். வாங்கிய பிறகும் கிளம்பவில்லை, காத்திருக்கும் கூடத்தில் ஓர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் பேச்சுக் கொடுத்தார். அந்த அம்மா பாவம், யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவள், ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள். பெயர் கேட்பார்கள். பெயர் சொல்லிப் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். பொம்மைக்குச் சோறூட்டச் சொல்வார்கள். சோப்புக் குமிழ் ஊதிவிட்டு, பிள்ளை குமிழைக் காட்டிவிட்டுப் பெரியவர் முகத்தைப் பார்க்கிறதா என்று கவனிப்பார்கள். முகத்தைப் பார்ப்பதுதான் முக்கியம். மாஸ்டர் எல்லாவற்றையும் அந்த விண்ணப்பத்தின் பின்பக்கத்திலேயே குறித்துக்கொண்டு வந்தார்.

அன்று மாலையிலிருந்து பாடம். காரை ஒரு மைதானத்தின் ஓரத்தில் நிறுத்திக்கொள்வார்கள். அவளுக்குப் பிடித்த வைப்பரைச் சும்மா ஓட விடுவார், மழையில்லாத கண்ணாடியில் அது போய்ப் போய் வரும். "யாராவது பேசினா அவங்க முகத்தைப் பாரு. மனசுக்குள்ள ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் எங்க வேணுமோ பாரு." குமிழ் வந்தால் கையை நீட்டு, முகத்தைப் பார், மறுபடி குமிழைப் பார். வயதைக் கேட்டால் சொல்லிவிட்டுச் சிரி. வாலுவுக்குக் கற்பூர புத்தி. நாற்பது வயது ஆண்களுக்கு முப்பது பாடத்தில் ஏறாதது அவளுக்கு மூன்றே நாளில் ஏறியது. பின்னாலிருந்து பெயரைச் சொன்னால் சட்டென்று திரும்பினாள், கண்ணை மட்டும் ஓட்டவில்லை, முழுத் தலையையும் திருப்பினாள்.

இதில் மாஸ்டர் எதிர்பாராத ஒன்று நடந்தது. அவள் அவரைப் பார்க்க ஆரம்பித்தாள். அவர் பேசினால் அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய கருவிழி கறுப்பு இல்லை, பழுப்பு என்பதே அவருக்கு அப்போதுதான் சரியாகத் தெரிந்தது. எண்ணுகிறாள் என்பது தெரியும், உதடு லேசாக அசையும். தெரிந்தும் அந்த மூன்று எண்ணிக்கைக்காக ஒன்றுமில்லாததையெல்லாம் அவளிடம் பேசினார். டயரில் காற்றுக் குறைவு என்றார், மேகம் வருகிறது என்றார், எதிர் வீட்டு நாய்க்குக் காது நீளம் என்றார். ஒவ்வொன்றுக்கும் அவள் பார்த்தாள். சொல்வதற்கே வெட்கம், அந்த மூன்று வாரமும் அவர் சந்தோஷமாக இருந்தார்.

டெஸ்ட் நாளில் ஒரு பிசகும் இல்லை. அவர் வெளியே காத்திருந்தார், கதவின் சின்னக் கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. தாழ்வான மேசை, கம்பளம், டாக்டர் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். வாலு பொம்மைக்கு ஊட்டினாள், வாயைத் துடைத்தும் விட்டாள், அது அவர் சொல்லித் தராதது. பெற்றோர் நிரப்ப வேண்டிய தாளில் மாஸ்டர் எல்லாவற்றுக்கும் 'எப்போதும்' என்ற கட்டத்தில் குறி போட்டார். கேட்காமலே உங்களிடம் வந்து எதையாவது காட்டுவாளா, எப்போதும். பள்ளி எழுதி அனுப்பியதற்கும் தான் இங்கே பார்ப்பதற்கும் பொருந்தவில்லையே என்று டாக்டர் இரண்டு முறை கேட்டார். பள்ளியில் சத்தம் அதிகம், அதனால் இருக்கும் என்றார் மாஸ்டர். அறிகுறிகளை உறுதிசெய்ய இயலவில்லை, ஓராண்டு கழித்து மறுபடி பார்க்கலாம் என்று கடிதம் வந்தது.

மனைவி அதை வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள். பிறகு மடித்துப் பையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் பின்னாலேயே போய், ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறார்களே, நல்லதுதானே என்றார். அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் அந்தக் கடிதம் செல்லுபடியாகவில்லை. ஒன்றுமில்லை என்ற கடிதத்துக்குக் கல்வித்துறை யாரையும் தராது, யாரையும் தராவிட்டால் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது, இதைத்தானே முதலிலேயே சொன்னேன் என்றார் தலைமை ஆசிரியை. வருடம் முடிய நாலு வாரம்தான் இருந்தது. அதோடு வகுப்பு ஆசிரியையையும் அழைத்தார். அந்தப் பெண் சின்ன வயது. முன்பெல்லாம் வாலு தன் மூலையில் அமைதியாகவாவது இருப்பாள். ஒரு மாதமாக யார் பேசினாலும் அவர்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறாள். ஒருவர் விடாமல் பார்க்கிறாள். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் பேசிக்கொண்டேதான் இருப்பார்கள். மதியத்துக்குள் களைத்துப்போய் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு மணிக்கட்டைக் கடித்துக்கொள்கிறாள், விடுவிக்கப் போனால் இன்னும் பலமாகக் கடிக்கிறாள். ஏன் இப்படி என்று எனக்குப் புரியவில்லை என்றாள்.

மாஸ்டருக்குப் புரிந்தது. வீட்டில் அவள் முழுக்கை உடுப்பையே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டது ஏன் என்பதும் புரிந்தது. அங்கேயே அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருக்கு அழுகை வரவில்லை. அன்று மாலை நாலு பேருக்குப் பாடம் எடுத்தார். இண்டிகேட்டர் போடுங்க, கண்ணாடி பாருங்க, தலையைத் திருப்புங்க. வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போயிற்று. அந்த வாரம் தேறிய ஒரு கிழவர், அறுபத்தொரு வயதில் முதல் லைசென்ஸ், மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. பிடித்திருப்பது தன் கைதான் என்றே மாஸ்டருக்கு உறைக்கவில்லை.

மனைவிக்கு அவர் சொல்லித் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, துணி காயப்போட்டபடி ஏதோ தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். வாலு எங்கிருந்தோ ஓடி வந்து முன்னால் நின்று அவள் முகத்தைப் பார்த்தாள். அம்மா பேச்சை நிறுத்தினாள். பிள்ளையின் உதடு அசைவதைப் பார்த்தாள். மறுபடி ஒரு வார்த்தை பேசிப் பார்த்தாள், மறுபடியும் மூன்று அசைவு. ஈரத் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"யாருங்க சொல்லிக் குடுத்தது?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மைதானம், வைப்பர், விண்ணப்பத்தின் பின்பக்கம், தாளில் போட்ட குறிகள், வகுப்பு ஆசிரியை சொன்னது. மணிக்கட்டைப் பற்றிச் சொன்னபோது, தெரியும், குளிப்பாட்டும்போது பார்த்தேன் என்றாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் பதிலுக்குத் தானும் ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஒரு மாசமா என்னைப் பார்க்கிறாளேன்னு நானும் சந்தோஷப்பட்டுட்டேன்" என்றாள். "வேலை முடிஞ்சு வர்றப்போ அதை நினைச்சுக்கிட்டேதான் வருவேன். போங்க, போய் அந்த டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்."

மையத்தில் அடுத்த தேதி ஐந்து மாதம் தள்ளி என்றார்கள். யாராவது வராமல் போனால் அந்த நேரத்தைத் தரலாம், ஆனால் பிள்ளையோடு இங்கேயே இருக்க வேண்டும், ஆள் அனுப்பிக் கூப்பிட மாட்டோம் என்றார் ஜன்னலில் இருந்த குமாஸ்தா. மாஸ்டர் காலைப் பாடங்களையெல்லாம் மாலைக்குத் தள்ளினார். தினமும் மையம் திறக்கும் முன்பே மூன்று பேரும் போய் நின்றார்கள். மனைவி லீவு கேட்கவில்லை, இரவு ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டாள். காத்திருக்கும் கூடத்தில் அவர் வாயே திறக்கவில்லை. பேசினால் அவள் பார்ப்பாள். மனைவிக்குக் கையால் சைகை காட்டினார், தண்ணீர், கழிப்பறை, போகலாம். பன்னிரண்டு நாள் இப்படி. பதின்மூன்றாம் நாள் காலை பத்தேகாலுக்கு வர வேண்டிய ஒரு குடும்பம் வரவில்லை. பள்ளி முடிய நாலு நாள் இருந்தது.

அதே அறை, அதே கம்பளம். மாஸ்டர் நின்றுகொண்டே சொன்னார். நான் டிரைவிங் மாஸ்டர், பாஸ் பண்ண வைக்கிறதுதான் என் தொழில், பிள்ளைக்கும் அதையே பண்ணிட்டேன். டாக்டர் திட்டவில்லை. இப்படி வருகிறவர்கள் நிறைய, ஆனால் குமிழ் வரைக்கும் சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றார். அது பாராட்டா கிண்டலா என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை. பழைய தாளை எடுத்து வைத்துவிட்டுப் புதிய தாள் கொடுத்தார். இந்த முறை மனைவி படித்தாள், அவர் குறி போட்டார். கேட்காமலே உங்களிடம் வந்து எதையாவது காட்டுவாளா. இருவரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். இல்லாததை எவ்வளவு நேரம்தான் யோசிப்பது. 'ஒருபோதும் இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டார்.

பிறகு டாக்டர் தரையில் உட்கார்ந்து வாலுவோடு விளையாடத் தொடங்கினார். அவள் எல்லாவற்றையும் அட்சரம் பிசகாமல் செய்தாள். குமிழுக்குக் கை நீட்டினாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி குமிழைப் பார்த்தாள். வயதைச் சொல்லிச் சிரித்தாள். மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. ஒரு கை மற்றக் கையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. டாக்டர் குமிழ்க் குப்பியை மூடி வைத்தார்.

"நீங்க சொல்றதை நான் நம்புறேன்" என்றார். "ஆனா என் கண்ணால பார்த்ததைத்தான் நான் எழுத முடியும். இவ இன்னும் உங்க டெஸ்டைத்தான் எழுதிக்கிட்டு இருக்கா. நான் சொன்னா நிறுத்த மாட்டா. நீங்கதான் இறக்கி விடணும்."

மாஸ்டர் கம்பளத்தில் வந்து உட்கார்ந்தார். பன்னிரண்டு நாளாக அவளிடம் பேசாத குரல் கரகரவென்று வந்தது. வாலு உடனே முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள். பழுப்புக் கண்.

"டெஸ்ட் முடிஞ்சிடுச்சும்மா. நல்லா பண்ணின. இனிமே யாரு பேசினாலும் நீ பார்க்க வேணாம்."

அவள் பார்வையை எடுக்கவில்லை. எண்ணிக்கை முடிந்தும் எடுக்கவில்லை.

"அப்பாவையுமா?" என்றாள்.

அது யாரும் சொல்லித் தந்ததில்லை, காரின் பின் சீட்டில் கேட்டதும் இல்லை. மாஸ்டர் வாய் வரைக்கும் வந்துவிட்டது, அப்பாவை மட்டும் பார்த்துக்கோ என்று. மாலையில் ஒரு தடவை போதும், காரில் இருக்கும்போது மட்டும் போதும். சொன்னால் அவள் கேட்பாள், எத்தனை வருடமானாலும் தவறாமல் பார்ப்பாள். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"ஆமாம்மா" என்றார். "அப்பாவையும் பார்க்க வேணாம்."

அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் பேசியதற்கான மூன்றை எண்ணி முடித்தாள். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டாள். கையை மணிக்கட்டிலிருந்து எடுத்து, குப்புறப் படுத்து, கன்னத்தைக் கம்பளத்தில் வைத்து அதன் நூல்களை விரலால் நீவத் தொடங்கினாள். தோள் இரண்டும் தளர்ந்து கீழே இறங்கின. வாலு, என்று டாக்டர் கூப்பிட்டார். திரும்பவில்லை. அம்மா கூப்பிட்டாள், திரும்பவில்லை. நீங்க கூப்பிடுங்க என்றார் டாக்டர்.

அவர் கூப்பிட்டார், இரண்டு தடவை. டாக்டர் சற்று நேரம் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.